நடவு வயல்ல பாசி படர்ந்திருக்கு, மயில்துத்தம் போடவா, தழைச்சத்துக்குன்னு விட்டுடவா?

வெண்ணாத்துக்காரன் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் நமக்கு 3 ஏக்கர், சம்பா, சிஆர் 1009 சப் 1 ரகம் நட்டு ரெண்டு வாரம் ஆகுது. ஆத்துத் தண்ணி முறை வச்சு விடுறதால பாதி நாள் போர் தண்ணிதான் பாயுது. வயல்ல இப்ப பாசி படர ஆரம்பிச்சிருக்கு, அதுவும் ரெண்டு விதமா தெரியுது. வாய்மடைய ஒட்டி பச்சைப்பசேல்னு நூல் நூலா, கையில அள்ளினா நீளமா இழுத்துக்கிட்டு வருது, காத்தடிச்சா ஒரு மூலையில போய் ஒதுங்கி நாத்தையே சாய்ச்சுடுது. மேட்டுப்பக்கம் தண்ணி கம்மியா நிக்கிற எடத்துல வேற மாதிரி, சேத்து மேல கருநீலமா தோல் மாதிரி படிஞ்சிருக்கு, மத்தியானம் வெயில் ஏறினா அது பிஞ்சு பிஞ்சு மேல மிதக்குது, அடியில பூரா சின்னச் சின்ன நுரை.

சித்தப்பா மயில்துத்தத்த (காப்பர் சல்பேட்) சாக்குல கட்டி வாய்மடையில போடுடாங்கிறாரு. உரக்கடையிலயும் அதேதான் சொல்றாங்க. ஆனா முன்னாடி ஒரு பயிற்சிக்குப் போயிருந்தப்ப நீலப்பச்சைப்பாசி காத்துல இருக்கிற தழைச்சத்த இழுத்து மண்ணுல சேக்கும், காசு குடுத்து வாங்கித் தூவணும்னு சொன்னாங்க, அப்ப தானா வந்தத நான் எதுக்கு மருந்து போட்டுக் கொல்லணும்னு இருக்கு. நடவுக்கு முன்னாடி நாத்து வேர அசோஸ்பைரில்லம்ங்கிற உயிர் உரத்துல நனைச்சுத்தான் நட்டோம். இதெல்லாம் இருக்கிறப்ப யூரியாவ எவ்வளவு கொறைக்கலாம்? ஒரு மூட்டையாவது மிச்சமாகுமா? எங்க தாத்தா காலத்துல யூரியாவே கிடையாது, அப்பவும் வருஷா வருஷம் அதே வயல்லதான நெல்லு வெளைஞ்சிருக்கு, அந்தச் சத்து எங்கருந்து வந்துச்சு? வெவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கழனிச்சேறு எழுதியது:

தம்பி, நூல்பாசி நாத்த சாய்க்குதுன்னு நீங்களே சொல்லிட்டீங்க, இதுக்கு மேல என்ன யோசனை. ரெண்டு வாரத்துப் பயிர் தூர் கட்டுற நேரம், அந்த நேரத்துல பாசி மேல போத்திக்கிட்டா புதுத் தூரு வெளிய வர முடியாது, வேருக்குக் காத்து போவாது, பயிர் மஞ்சளாப் போய் அப்படியே நின்னுடும். எங்க பக்கம் போர் தண்ணி பாயுற வயல் அத்தனையிலயும் இந்தத் தொல்லை இருக்கு. மயில்துத்தம் போட்டா ரெண்டு மூணு நாள்ல வெளுத்துடும். தழைச்சத்து தருது அது இதுன்னு பேச்சக் கேட்டுப் பயிர விட்டுடாதீங்க, மூட்டைக்கணக்கு அப்புறம் பாத்துக்கலாம், மொதல்ல பயிர் நிக்கணும்.

மண்ணுயிர் எழுதியது:

கழனிச்சேறு அண்ணன் சொன்னதுல பாதி அப்படியே சரி, அந்த நூல்பாசிய விட்டு வைக்கக் கூடாது. ஆனா தம்பி வயல்ல இருக்கிறது ரெண்டு வேற வேற உயிரு, ரெண்டுக்கும் ஒரே மருந்துன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி கொஞ்சம் பொறுங்க. நான் மண் நுண்ணுயிர் ஆய்வுக்கூடத்துல ரொம்ப வருஷம் வேலை பாத்தவன், இப்ப ஓய்வு. இது எனக்கு மனசுக்குப் பிடிச்ச விஷயம், அதனால நீளமா எழுதுறேன்.

பச்சைப்பசேல்னு நூலா இழுபடுறது பச்சைப்பாசி, ஸ்பைரோகைரா மாதிரி வகை. இது காத்துலருந்து தழைச்சத்த எடுக்கவே எடுக்காது. நீங்க போட்ட யூரியாவையும் டிஏபியையும்தான் சாப்பிட்டு வளருது, அதனாலதான் வாய்மடைகிட்டயும் உரம் அதிகமா விழுந்த எடத்துலயும் மொதல்ல வரும். சேத்து மேல கருநீலத் தோலா படிஞ்சு, மத்தியானத்துல நுரையோட மேல வருதே, அது பெரும்பாலும் நீலப்பச்சைப்பாசி. பேரு பாசியானாலும் அது பாக்டீரியா இனம். அனபீனா, நாஸ்டாக், அவுலோசைரான்னு பல வகை இருக்கு. நாஸ்டாக் சில எடத்துல வழவழன்னு உருண்டை உருண்டையா கூட கெடக்கும். பச்சைப்பாசி எப்பவும் பளிச்சுனு பச்சையா இருக்கும், இது கருநீலம், ஆலிவ் நெறம், பழுப்பு, காஞ்சா கருப்பு. கையில தேச்சா வழுக்கும், நூலா நீளாது.

இது எப்படி தழைச்சத்து பிடிக்குதுன்னு கேட்டா, தழைச்சத்துன்னா நைட்ரஜன், காத்துல 78 சதவீதம் அதுதான், ஒரு ஹெக்டேருக்கு மேல நிக்கிற காத்துத் தூணுல மட்டும் எழுபதாயிரம் டன்னுக்கு மேல இருக்கு. ஆனா ரெண்டு நைட்ரஜன் அணுவும் மூணு பிணைப்புல இறுகிக் கெடக்கு, செடியால அத ஒடைக்க முடியாது. தொழிற்சாலையில அத ஒடைக்க 400 டிகிரிக்கு மேல சூடும், காத்தழுத்தத்த மாதிரி 150, 200 மடங்கு அழுத்தமும் வேணும், நம்ம யூரியா அப்படித்தான் வருது. நைட்ரோஜினேஸ்னு ஒரு நொதி இருக்கிற பாக்டீரியா இதே வேலைய நம்ம வயல் சூட்டுலயே செய்யுது. ஆனா சும்மா செய்யல, ஒரு நைட்ரஜன் மூலக்கூற அம்மோனியாவா மாத்த 16 ஏடிபி செலவு, ஏடிபின்னா உயிரணுவோட எரிசக்தி. அதுக்கு மேல இன்னொரு சிக்கல், ஆக்சிஜன் பட்டா அந்த நொதி கெட்டுப் போயிடும். நீலப்பச்சைப்பாசியோ ஒளிச்சேர்க்கை பண்ணி ஆக்சிஜன வெளிய விடுற உயிரு. அதனால அது பாசிமணி கோத்த மாதிரி இருக்கிற தன்னோட சங்கிலியில அங்கங்க ஒரு அணுவ மட்டும் தடிச்ச சுவரோட தனியா ஒதுக்கி வச்சிருக்கு. அந்த அணு ஆக்சிஜன் வெளிய விடாது, உள்ளயும் அவ்வளவா விடாது, நைட்ரஜன் பிடிக்கிற வேலை பூரா அதுக்குள்ளதான். ஹெட்டரோசிஸ்ட்னு பேரு. மைக்ராஸ்கோப்புல மொத மொத பாத்தப்ப நான் கண்ண எடுக்காம பாத்துக்கிட்டு இருந்தேன், இன்னைக்குக் காட்டினாலும் அப்படித்தான் பாப்பேன்.

உங்க தாத்தா வயலுக்கு வர்றேன். 1939லயே பி.கே.டே-ங்கிற விஞ்ஞானி வங்காளத்து நெல் வயல் மண்ண வச்சு ஆராய்ச்சி பண்ணி, நெல் வயலுக்குத் தழைச்சத்து சேர்றதுல முக்கியப் பங்கு இந்தப் பாசிக்குத்தான்னு எழுதினாரு. அது வரைக்கும் அசோடோபாக்டர் மாதிரி பாக்டீரியாதான் செய்யுதுன்னு நெனச்சுக்கிட்டு இருந்தாங்க. அப்புறம் ஜப்பான்ல, பனாரஸ்ல, டெல்லியில எல்லாம் வேலை நடந்துச்சு. பிலிப்பைன்ஸ்ல இருக்கிற சர்வதேச நெல் ஆராய்ச்சி நிலையத்துல 1960கள்லருந்து உரமே போடாம நெல் மேல நெல்லா நட்டு வர்ற பாத்தி இருக்கு, அதுல இன்னும் ஓரளவு மகசூல் நின்னுக்கிட்டுதான் இருக்கு. உலகம் பூரா அளந்த கணக்க அங்க சேத்துப் பாத்தப்ப நீலப்பச்சைப்பாசி ஒரு போகத்துக்கு ஹெக்டேருக்கு சராசரியா ஏறக்குறைய 27 கிலோ தழைச்சத்து பிடிக்குதுன்னு வந்துச்சு. ஒண்ணுமே பிடிக்காத வயலும் உண்டு, 50 கிலோவுக்கு மேல பிடிச்ச வயலும் உண்டு.

ஏக்கருக்குப் போட்டா 11 கிலோ. யூரியாவுல 46 சதவீதம் தழைச்சத்து, அப்படின்னா 24 கிலோ யூரியாவுக்குச் சமம், இப்ப வர்ற 45 கிலோ மூட்டையில அரை மூட்டைக்குக் கொஞ்சம் மேல. ஒரு டன் நெல்லுக்கு 15லருந்து 20 கிலோ தழைச்சத்து வேணும். 1950-51ல இந்தியாவோட சராசரி அரிசி மகசூல் ஹெக்டேருக்கு 668 கிலோ, நெல்லாப் பாத்தா சுமாரா ஒரு டன். பாசி, வேர்கிட்ட இருக்கிற பாக்டீரியா, ஆத்து வண்டல், எரு, கிடை மடக்குறது எல்லாம் சேந்தா அந்த ஒரு டன்னுக்குத் தாராளமா போதும். தாத்தா காலத்து வெளைச்சல தாங்கின சத்து இதுதான். நீங்க இப்ப எதிர்பாக்கிறது அஞ்சு ஆறு டன், அதுக்கு இது மட்டும் போதாது.

இன்னொன்னு, இது ரொம்பப் பேருக்குத் தெரியாது. பாசி பிடிச்ச தழைச்சத்து உடனே பயிருக்குப் போறதில்ல, அது பாசியோட உடம்புலதான் இருக்கு. தண்ணி வத்தி பாசி காஞ்சு செத்து, களையெடுக்கிறப்ப சேத்துல மிதிபட்டு மக்கினாத்தான் பயிருக்கு வரும். அதுலயும் ஒரு பங்குதான் இந்தப் போகத்துக்கு, மிச்சம் மண்ணுல தங்கி அடுத்தடுத்த போகத்துக்கு வரும்.

வெண்ணாத்துக்காரன் எழுதியது:

ஐயா ரொம்ப நன்றி, இவ்வளவு வெவரமா யாரும் சொன்னதில்ல. காலையில போய்ப் பாத்தேன், நீங்க சொன்ன மாதிரியே மேட்டுப்பக்கம் இருக்கிறது வழுக்குது, நூலா வரல. அப்ப மயில்துத்தம் போட்டா ரெண்டும் செத்துடுமா? பச்சைப்பாசிய மட்டும் எடுக்க வழி இருக்கா? அடுத்த வாரம் மொத மேலுரம் போடணும், யூரியா போட்டா அந்த நீலப்பாசி செத்துடுமா?

மண்ணுயிர் எழுதியது:

மயில்துத்தம்னா தாமிரம். அதுக்கு ரெண்டும் சாகும், சொல்லப்போனா நீலப்பச்சைப்பாசிதான் தாமிரத்துக்கு ரொம்பச் சீக்கிரம் சாகும். பச்சைப்பாசி கொஞ்சம் தாங்கி நின்னு மறுபடி வந்துடும். தாமிரம் மக்கியும் போகாது, களிமண்ணுல ஒட்டிக்கிட்டு அங்கேயே தங்கிடும், வருஷா வருஷம் போட்டா சேந்துக்கிட்டே போகும். அதனால எடுத்த எடுப்புல அதப் போட வேண்டாம்னுதான் சொல்வேன். மூணு ஏக்கர்தான, வாய்மடையில ஒதுங்கி நிக்கிறத வாரி வரப்புல போடுங்க. அப்புறம் தண்ணிய வடிச்சுட்டு ரெண்டு மூணு நாள் சேறு லேசா வெடிக்கிற வரைக்கும் காயவிட்டுத் திரும்பப் பாய்ச்சுங்க, நம்ம பெரியவங்க சொல்ற காய்ச்சலும் பாய்ச்சலும்தான். பச்சைப்பாசி காஞ்சா பெரும்பாலும் செத்துடும். நீலப்பச்சைப்பாசியில நெறைய வகை காஞ்சும் வித்தணுவா மண்ணுல தங்கி, தண்ணி வந்ததும் முளைச்சுக்கும். கோடையில வயல் பாளம் பாளமா வெடிச்சுக் கெடந்தாலும் அடுத்த சம்பாவுக்கு அது வர்றது இப்படித்தான். கோனோ வீடர்னு களையெடுக்கிற கருவி இருந்தா ஓட்டிவிடுங்க, பாசி சேத்துக்குள்ள போயிடும், உரமாவும் ஆயிடும்.

யூரியாவுக்கு வாங்க. அது பாசியக் கொல்லாது, ஆனா தண்ணியில யூரியாலருந்து வந்த அம்மோனியம் தயாராக் கெடக்கிறப்ப 16 ஏடிபி செலவு பண்ணி காத்துலருந்து பிடிக்க எந்த உயிரும் மெனக்கெடாது, நைட்ரோஜினேஸ நிறுத்திடும். அந்த நேரத்துல பச்சைப்பாசிக்குத்தான் கொண்டாட்டம், அது வேகமா வளந்து வெளிச்சத்த மறைச்சிடும். அதனால தண்ணி நிக்கிற வயல்ல யூரியாவ அள்ளி வீசிட்டு, நீலப்பச்சைப்பாசியும் தழைச்சத்து தரணும்னு எதிர்பாத்தா நடக்காது.

இன்னும் ஒரு நஷ்டம் இருக்கு, மூட்டைக்கணக்குல அதுதான் பெருசு. பாசி எந்த வகையா இருந்தாலும் மத்தியான வெயில்ல தண்ணியில கரைஞ்சிருக்கிற கரியமில வாயுவ உறிஞ்சிடும், தண்ணியோட பிஎச், அதாவது காரத்தன்மை, 9, சில நாள் 10 வரைக்கும் ஏறிடும். சாயங்காலத்துக்கு மேல தானா எறங்கிடும். அந்த மத்தியான நேரத்துல தண்ணியில யூரியாலருந்து வந்த அம்மோனியம் இருந்தா அது அம்மோனியா வாயுவா மாறி காத்துல போயிடும். போட்டதுல கால்வாசி, பாதி கூட இப்படிப் போன வயல் உண்டு. பாசி பிடிச்சுக் குடுக்கிற 11 கிலோவ விட நீங்க இப்படித் தொலைக்கிறது அதிகமா இருக்கலாம். போர் தண்ணியில உப்பும் காரமும் ஏறியிருந்தா இன்னும் மோசம். அதனால மேலுரம் போடுறப்ப தண்ணிய நல்லா வடிச்சுட்டு, சேறு ஈரமா இருக்கிறப்ப சாயங்காலமாப் போட்டு, வீடர் ஓட்டி சேத்துக்குள்ள தள்ளிட்டு மறுநாள் தண்ணி கட்டுங்க. சத்து சேத்துக்குள்ள போயிட்டா மேல தண்ணியில அம்மோனியம் கொறையும், நீலப்பச்சைப்பாசியும் தன் வேலையத் தொடரும். ஒரே வேலையில ரெண்டு லாபம்.

கழனிச்சேறு எழுதியது:

வடிச்சுட்டு மேலுரம் போடுறது நாங்களும் செய்யுறதுதான், ஆனா காரணம் இதுதான்னு இப்பத்தான் தெரியுது. ஒரு கேள்வி ஐயா. கடைசி வயல்காரனுக்கு வடிச்சா திரும்பத் தண்ணி எப்ப வரும்னு தெரியாது, அவனுக்கு என்ன வழி? எங்க வாய்க்கால்ல கடைசியில இருக்கிறவங்க வடிக்கவே பயப்படுவாங்க.

மண்ணுயிர் எழுதியது:

நியாயமான பயம்ணே. முழுசா வடிக்க முடியலன்னா தானா வத்தி காலடி மூழ்குற அளவுக்கு வர்ற வரைக்கும் பொறுத்திருந்து போடுங்க, அடுத்த தண்ணி வர்ற முறை நாளுக்கு மொதநாள் போட்டா இன்னும் நல்லது. பாசியக் கையால வாரத்தான் வேணும், வேற வழி இல்ல. அப்படியும் நாத்து சாயுற அளவுக்குப் பச்சைப்பாசி மூடிடுச்சுன்னா அந்த எடத்துக்கு மட்டும் மயில்துத்தம் போடுங்க, வாய்மடையில கட்டிவிட்டா வயல் பூரா போயிடும்.

ஈரோட்டு மஞ்சள் எழுதியது:

நல்ல விவாதம், நடுவுல நுழையிறதுக்கு மன்னிக்கோணும். எங்களுது மஞ்சளும் கரும்பும், சொட்டுநீர், பாசிக்கு வேலை இல்லைங்க. நாங்க சாணம், கோமியம், வெல்லம், பயறு மாவு கரைச்ச ஜீவாமிர்தம் விடுறோம், அசோடோபாக்டரும் வாங்கித் தொழு உரத்துல கலந்து போடுறோம். ஜீவாமிர்தத்துல வெல்லம் சேக்கறதே நுண்ணுயிர் பெருகி காத்துலருந்து தழைச்சத்து எடுக்கத்தான்னு சொல்றாங்க. அது எந்த அளவுக்குங்க? மஞ்சளுக்கு யூரியாவ முழுசா நிறுத்திப்போடலாமுங்களா?

மண்ணுயிர் எழுதியது:

வாங்க வாங்க, நல்ல கேள்வி. இதுக்குப் பதில் ஒரு கணக்குலயே இருக்கு.

பாசிக்கு எரிசக்தி வெயில்லருந்து இலவசம். அசோடோபாக்டருக்கு அப்படி இல்ல, யாராவது சாப்பாடு போடணும். 1901ல நெதர்லாந்துல பெய்ஜரிங்க் அதக் கண்டுபிடிச்ச நாள்லருந்து ஆய்வுக்கூடத்துல அளந்து பாத்துட்டாங்க, ஒரு கிராம் சர்க்கரையச் சாப்பிட்டா ஏறக்குறைய 10லருந்து 20 மில்லிகிராம் நைட்ரஜன்தான் பிடிக்கும். ஏன் இவ்வளவு கம்மின்னா, காத்தோட்டத்துல வாழ்ற உயிரு அது, ஆக்சிஜன் உள்ள போய் நொதியக் கெடுத்துடாம இருக்க வர்ற ஆக்சிஜன வேக வேகமா எரிச்சுத் தள்ளிக்கிட்டே இருக்கும், சர்க்கரையில பெரும்பங்கு அதுக்கே போயிடுது. இப்ப ஏக்கருக்கு 10 கிலோ தழைச்சத்து வேணும்னா 500லருந்து 1000 கிலோ சர்க்கரை வேணும், அதையும் வேற எந்த நுண்ணுயிரும் தொடாம அசோடோபாக்டர் மட்டுமே சாப்பிடணும். நீங்க ஏக்கருக்கு விடுற ஜீவாமிர்தத்துல வெல்லம் 2 கிலோ. மொத்தத்தையும் அதுவே சாப்பிட்டாலும் 40 கிராம் தழைச்சத்துக்கு மேல வராது. கூடப் போடுற 2 கிலோ பயறு மாவுல இருக்கிற புரதத்துலயே அத விட அதிகமா, ஏறக்குறைய 70 கிராம் தழைச்சத்து இருக்கு.

அதுக்காக ஜீவாமிர்தம் வீண்னு நான் சொல்ல வரல, மண்ணுல உயிரோட்டம், சாணம் கோமியத்துல இருக்கிற சத்து, மண் பதம், அதெல்லாம் வேற கணக்கு. ஆனா காத்துலருந்து தழைச்சத்து கொட்டும்னு நம்பி மஞ்சளுக்கு யூரியாவ முழுசா நிறுத்தினா கிழங்கு ஏமாத்திடும். மஞ்சள் நல்லாத் தின்னுற பயிர். யூரியாவ விடணும்னா தொழு உரம், புண்ணாக்கு, ஊடுபயிரா பயறு, முன்பயிரா சணப்பு இல்ல தக்கைப்பூண்டுன்னு தழைச்சத்து வர்ற வழிய மொதல்ல ஏற்பாடு பண்ணிட்டு அப்புறம் விடுங்க. தக்கைப்பூண்டு, சணப்புல இருக்கிற பாக்டீரியா வேர் முடிச்சுக்குள்ள குடியிருக்கு, செடி தன் சர்க்கரைய நேராவே அதுக்கு ஊட்டுது, அதனாலதான் அங்க கிலோ கணக்குல வருது. மண்ணுல தனியா வாழ்றதுக்கு அந்தச் சாப்பாடு கெடைக்கிறதில்ல.

தனியா வாழ்றதுக்கு நாம போடக்கூடிய மலிவான சாப்பாடு வைக்கோல், கரும்புத் தோகை, இலைதழை. அறுவடைக்கு அப்புறம் வைக்கோல வயல்ல மடக்கினா ஒரு டன்னுக்கு 2லருந்து 4 கிலோ தழைச்சத்து கூடுதலா பிடிக்குதுன்னு நெல் வயல்ல அளந்திருக்காங்க. சின்ன அளவுதான், ஆனா தோகைய எரிச்சா அதுவும் போச்சு, தோகையில இருந்த தழைச்சத்தும் பொகையாப் போச்சு. மடக்கின மொத சில வாரம் மக்குறதுக்கு நுண்ணுயிரே மண்ணுல இருக்கிற தழைச்சத்த இழுத்துக்கும், அதனால நடவுக்கு ரொம்ப முன்னாடியே மடக்கிடணும்.

உங்க கரும்புக்கு வேற ஒரு செய்தி இருக்கு. 1988ல பிரேசில்ல கரும்புக்குள்ளயே வாழுற ஒரு பாக்டீரியாவக் கண்டுபிடிச்சாங்க, குளுக்கோனசிட்டோபாக்டர். சர்க்கரை நெறஞ்ச எடத்துலயே குடியிருக்குது பாருங்க, மேல சொன்ன கணக்கு அதுக்குப் புரிஞ்சிருக்கு. கரும்புக்குன்னு அது உயிர் உரமாவே கெடைக்குது.

உயிரியல்டீச்சர் எழுதியது:

ஐயா எழுதினதப் படிச்சதும் ஸ்கூல் பசங்களுக்குக் காட்டலாம்னு தோணுது. அசோடோபாக்டர் நம்ம மண்ணுல இருக்கான்னு லேப் இல்லாமலே பாக்க ஒரு பழைய முறை இருக்குங்க, வினோகிராட்ஸ்கி பண்ணது. மண்ணுல வாழ்ற பாக்டீரியா காத்து நைட்ரஜனப் பிடிக்குதுன்னு 1893ல கிளாஸ்ட்ரிடியம்ங்கிற வகைய வச்சு மொதல்ல காட்டினவர் அவர்தான், அது ஆக்சிஜனே ஆகாத வகை, சேத்து ஆழத்துல இருக்கும். நாம பாக்கப்போறது அசோடோபாக்டர். சலிச்ச வயல் மண்ணுல நூத்துக்கு அஞ்சு பங்கு மைதா இல்ல ஸ்டார்ச், ஒரு சிட்டிகை சாக்பீஸ் பொடி கலந்து தண்ணி விட்டு சப்பாத்தி மாவு பதத்துக்குப் பிசைஞ்சு ஒரு சின்னத் தட்டுல நெரப்பி, ஈரக் கத்தியால மேல்பக்கத்த வழவழன்னு தேச்சு, காயாம மூடி வெதுவெதுப்பான எடத்துல வைக்கணும். அசோடோபாக்டர் இருந்தா ரெண்டு மூணு நாள்ல பளபளன்னு ஈரமான பொட்டு பொட்டா மேல வரும், நாளாக ஆகப் பழுப்பாகும். புளிப்பு மண்ணுல பெரும்பாலும் வராது, பிஎச் 6க்குக் கீழ போனா இந்த இனத்துக்கு ஆகாது. பசங்க அவங்கவங்க வயல் மண்ணக் கொண்டு வந்து பக்கத்துல பக்கத்துல வச்சுப் பாத்தா வித்தியாசம் தெரியும். ஸ்டார்ச்ச விட மைதாவுல புரதம் இருக்கிறதால வேற பூஞ்சையும் வரும், கெடைச்சா சோளமாவு ஸ்டார்ச்சே வாங்குங்க.

வெண்ணாத்துக்காரன், உங்க கருநீலப்பாசிய ஒரு பாட்டில்ல போட்டு பக்கத்து ஸ்கூல் பயாலஜி டீச்சர்கிட்ட குடுங்க, மைக்ராஸ்கோப்புல வச்சா அந்த ஹெட்டரோசிஸ்ட் தெளிவாத் தெரியும், அப்புறம் சந்தேகமே வேண்டாம். பசங்களும் பாப்பாங்க.

வெண்ணாத்துக்காரன் எழுதியது:

டீச்சர் நல்ல யோசனை, தங்கச்சி பொண்ணு பக்கத்து ஸ்கூல்லதான் படிக்குது, குடுத்து விடுறேன். ஐயா, கடைசியா ரெண்டு சந்தேகம். அசோஸ்பைரில்லம் நனைச்சு நட்டதுக்கு எவ்வளவு கழிச்சுக்கலாம்? யூரியா எவ்வளவு கொறைக்கிறதுன்னு நீங்க இன்னும் சொல்லல.

மண்ணுயிர் எழுதியது:

அசோஸ்பைரில்லம் வேர ஒட்டி வாழ்ற வகை, வேர்லருந்து கசியுற மாலிக் அமிலம் மாதிரி சாப்பாட்ட எடுத்துக்கும், கொஞ்சமா ஆக்சிஜன் இருக்கிற எடம் அதுக்குப் பிடிக்கும். பிரேசில்ல யோஹன்னா டோபரைனர்ங்கிற அம்மா 1970கள்ல இதப் பத்தி எழுதினப்ப உலகமே திரும்பிப் பாத்துச்சு, தமிழ்நாட்டுல கோவை வேளாண் பல்கலைக்கழகம் நெல்லுக்கு இத ரொம்பக் காலமா சிபாரிசு பண்ணுது. பல நாட்டுல 20 வருஷமா நடந்த வயல் சோதனைகள 1994ல தொகுத்துப் பாத்தாங்க, 60லருந்து 70 சதவீத சோதனையில மகசூல் 5லருந்து 30 சதவீதம் கூடியிருக்கு. ஆனா அதுக்கு முக்கியக் காரணம் தழைச்சத்து பிடிக்கிறது இல்ல, அந்த பாக்டீரியா சுரக்கிற வளர்ச்சி ஊக்கியால வேரு கெளை கெளையாப் பிரிஞ்சு, இருக்கிற சத்தையும் தண்ணியையும் நல்லா உறிஞ்சுறதுதான். சோவியத் நாட்டுல அசோடோபாக்டர லட்சக்கணக்கான ஹெக்டேர்ல போட்டுப் பாத்தப்பவும் கடைசியில இதே முடிவுக்குத்தான் வந்தாங்க. அதனால அசோஸ்பைரில்லம் போட்டா போட்ட உரம் வீணாகாமப் பயிருக்குப் போய்ச் சேரும்னு எடுத்துக்கோங்க, இத்தன கிலோ யூரியாவுக்குச் சமம்னு கழிக்காதீங்க. வேர் நனைச்சதோட நிறுத்தாம, ஏக்கருக்கு 4 பாக்கெட், அதாவது 800 கிராம், 10 கிலோ மக்கின தொழு உரத்தோட கலந்து வயல்லயும் தூவணும்னு சிபாரிசு இருக்கு, நீங்க இன்னும் தூவலன்னா இப்பவும் தூவலாம். வாங்குறப்ப தயாரிச்ச தேதி பாருங்க, சட்டப்படி ஒரு கிராம்ல 5 கோடி உயிருள்ள அணு இருக்கணும், திரவமா வாங்கினா ஒரு மில்லியில 10 கோடி. வெயில்ல தகரக் கூரைக்கடியில அடுக்கி வச்ச பாக்கெட்டுல அந்த எண்ணிக்கை இருக்காது, நிழல்ல வச்சு விக்கிற எடமாப் பாத்து வாங்குங்க.

பாசிய விலைக்கு வாங்கித் தூவணுமான்னும் மொதல்ல கேட்டீங்க. ஹெட்டரோசிஸ்ட் உள்ள நீலப்பச்சைப்பாசி அனேகமா எல்லா நெல் மண்ணுலயும் ஏற்கனவே இருக்கு. வெளியிலருந்து தூவின இனம் நம்ம வயல்ல நெலைச்சு நிக்கிறது அபூர்வம்னு பின்னாடி ஆராய்ச்சியில தெரிஞ்சுச்சு. அதனால உங்க வயல்லயே இருக்கிறதுக்கு எடம் குடுக்கிறதுதான் மேல். அதுக்கு மணிச்சத்து வேணும், அடியுரத்துல சூப்பர் பாஸ்பேட்ட கொறைக்காதீங்க. ஆனா மேல தூவினா பச்சைப்பாசி கிளம்பிடும், சேத்துல கலந்தே போடுங்க. தண்ணியில கடுகளவு கூட இல்லாத சின்ன ஓட்டு உயிருங்க நீந்தும் பாருங்க, அதுங்களும் நத்தையும் பாசிய மேஞ்சு தீத்துடும். வேப்பங்கொட்டை போட்டா அந்த ஓட்டு உயிரு கொறையுதுன்னு பிலிப்பைன்ஸ்ல பாத்திருக்காங்க, வேப்பம்புண்ணாக்கு போடுறவங்களுக்கு இது ஒரு கூடுதல் பலன். பயிர் மூடி நிழல் விழுந்ததும் பாசி தானா அடங்கிடும், கவலை வேண்டாம். அதுக்கப்புறம் கதிர் வர்ற சமயத்துல வேரச் சுத்தி இருக்கிற பாக்டீரியா வேலை உச்சத்துக்குப் போகும்.

யூரியா எவ்வளவுன்னு நான் இங்கருந்து சொல்ல முடியாது, உங்க பயிர்தான் சொல்லணும். இலை வண்ண அட்டை வாங்குங்க, வெளிர் பச்சையிலருந்து கரும்பச்சை வரைக்கும் எண் போட்ட பட்டை இருக்கும், எலையோட நெறத்த அதோட ஒப்பிடணும், வேளாண் அலுவலகத்துல கேட்டா கெடைக்கும். இப்பவே ரெண்டு வாரம் ஆச்சு, இன்னையிலருந்து வாரம் ஒரு தரம் காலையில உங்க நெழல் இலை மேல விழுற மாதிரி நின்னு பத்து எலை பாருங்க, முழுசா விரிஞ்ச மேல் எலை. உங்க ரகத்துக்கு அளவு 4, பத்துல ஆறு எலை அதுக்குக் கீழ வெளிறியிருந்தா மட்டும் மேலுரம் போடுங்க, இல்லன்னா அந்தத் தடவை தள்ளி வச்சுடுங்க. வெள்ளைப் பொன்னி போடுறவங்களுக்கு அளவு 3. கூடவே மேட்டுப்பக்கம் பாசி நல்லா இருக்கிற எடத்துல ஒரு சின்னப் பாத்திய வரப்பு கட்டிப் பிரிச்சு யூரியாவே போடாம விடுங்க, பக்கத்துல பாசி இல்லாத எடத்துலயும் அதே மாதிரி ஒண்ணு. ரெண்டையும் தனித்தனியா அறுத்து எடை போட்டா உங்க வயல்ல பாசியும் மண்ணும் எவ்வளவு குடுக்குதுன்னு கையில கணக்கு வந்துடும், அடுத்த சம்பாவுக்கு அதுதான் அளவு.

கழனிச்சேறு எழுதியது:

அந்தப் பாத்திக்கு வரப்ப நல்லா மண்ணு அணைச்சு மெழுகுங்க தம்பி, பக்கத்துல போட்ட யூரியா தண்ணி உள்ள கசிஞ்சா கணக்கு தப்பாப் போயிடும். தண்ணியும் அதுக்குத் தனி வாயில விடுங்க, மேல் பாத்தியிலருந்து வழிஞ்சு வர விடாதீங்க.